அடம்பிடிக்கும் குழந்தையின் தட்டில் எதை வைப்பது? பர்மாத் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்றரை வயதுக் குழந்தை சாப்பாட்டைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டால், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் மருத்துவர்களாகிவிடுகிறார்கள். வயிற்றில் பூச்சி என்பார் அப்பத்தா. கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப்போடுவார் அத்தை. பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணி ஏதோ ஒரு டானிக்கின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். தட்டில் என்ன இருந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் பெரியவருக்கு ஒரு பங்கும் குழந்தைக்கு ஒரு பங்கும் இருக்கின்றன. எதைச் சாப்பிடுவது, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதெல்லாம் பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: "என்னடா கண்ணா வேண்டும்?" என்று இரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்டுச் சமைக்கிறோம், பிறகு நாம் நினைத்த அளவை அதன் வாயில் திணிக்கிறோம். நான்கு கவளம்தான் உள்ளே போகும் என்றால் அந்த நான்கும் சத்துள்ளவையாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஏறத்தாழ எல்லாமே யாங்கோனிலோ மௌலமியாயினிலோ பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கிறது. படம் போட்ட டப்பாக்கள் தேவையில்லை.

முதல் படி: எடை அட்டையை எடுங்கள்

பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்கு ஏறத்தாழ 9 கிலோ ஆகிவிடுகிறது. அடுத்த ஒரு வருடம் முழுவதும் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சியின் வேகம் இப்படிக் குறையும்போது பசியும் குறைகிறது. போன மாதம் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட குழந்தை இந்த மாதம் அரைக் கிண்ணத்தோடு எழுந்தால், பல நேரங்களில் காரணம் இதுதான்.

இதே சமயத்தில் இன்னொன்றும் தொடங்குகிறது. 18 மாத வாக்கில் புதிய உணவைக் கண்டால் அஞ்சும் குணம் வருகிறது. நடக்கக் கற்ற குழந்தை கண்டதையும் பறித்து வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த காவல் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பச்சை நிறமும் கசப்பும் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது இதனால்தான். 6 வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆகவே தடுப்பூசி அட்டையோடு இருக்கும் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். குழந்தை தன் கோட்டை ஒட்டியே போகிறது, ஓடி விளையாடுகிறது, நாளுக்கு நான்கைந்து முறை சிறுநீர் கழிக்கிறது என்றால், மேலே படியுங்கள், அவசரமில்லை. கோடு கீழே சரிந்தாலோ மேலே ஏறாமல் தட்டையாக நின்றாலோ கடைசிப் பகுதிக்கு முதலில் போங்கள். எதிர்வீட்டுக் குழந்தையின் கன்னத்தோடு ஒப்பிடுவது அளவுகோல் ஆகாது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வேளைக்கு ஒவ்வொரு பதார்த்தத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று தொடங்கினால் போதும். 2 வயதுக்குச் சோறு 2 கரண்டி, பருப்பு 2 கரண்டி, காய் 2 கரண்டி. கேட்டால் மறுபடி வைக்கலாம். மலைபோல் குவித்த தட்டைப் பார்த்தாலே சில குழந்தைகளுக்கு அழுகை வந்துவிடும்.

இரண்டாம் படி: மூன்று நாள் கணக்கு

ஒரு பழைய நோட்டில் மூன்று நாட்களுக்கு, வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். "எல்லாவற்றையும்" என்பதில் தேநீரும் பிஸ்கட்டும் தாத்தா ரகசியமாகக் கொடுக்கும் மிட்டாயும் சேரும். எழுதி முடித்தால் பெரும்பாலான வீடுகளில் ஒரே கதைதான் தெரியும்: காலை எழுந்ததும் ஒரு புட்டிப் பால், 10 மணிக்கு பிஸ்கட், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அழுததால் இன்னொரு புட்டி, மாலையில் அப்பாவோடு தேநீர்க் கடை, இரவு தூங்க வைக்க மறுபடி பால். இத்தனையும் போன வயிற்றில் சோற்றுக்கு இடம் எங்கே?

ஒரு வயதுக்கு மேல் விலங்குப் பால் நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டருக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பசியும் கெடும், இரும்புச் சத்தும் குறையும். பாலில் இரும்பு மிகக் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை நிறுத்தச் சொல்லும் உறவினரைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை, டின்னில் வரும் சர்க்கரைக் கட்டிப்பால். தேநீர்க் கடையில் கோப்பையின் அடியில் அது இல்லாமல் பர்மாவில் பால்தேநீரே இல்லை. தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கலந்து தருவது வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். பாலுக்கு மாற்றாக ஒருபோதும் வேண்டாம். பாக்கெட்டில் வரும் காபித்தூள் கலவையும் அப்படியே. தேநீர் எந்த வடிவிலும் இந்த வயதுக்கு ஆகாது. அதில் உள்ள துவர்ப்புப் பொருள் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. அப்பாவோடு கடைக்குப் போகும் மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேநீர், பிள்ளைக்கு அவித்த முட்டை என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நேரம்

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி. இவற்றுக்கு நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். ஒரு வாரம் இதை விடாமல் பிடித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் வீடுகள் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் கடினம் என்பது தெரியும். நேரத்தை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். மருமகள் சொன்னால் கேட்காத மாமியார்கூடச் சுவரில் ஒட்டிய தாள் சொன்னால் கேட்கிறார்.

நான்காம் படி: பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இதுதான் வேலையின் நடுப்பகுதி. தானியம், பருப்பும் கொட்டையும், பால், இறைச்சி மீன் வகை, முட்டை, மஞ்சள் அல்லது கரும்பச்சைக் காய்கறி பழங்கள், மற்ற காய்கறி பழங்கள், தாய்ப்பால் என எட்டுக் குழுக்களாக உணவைப் பிரித்து, இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது ஐந்து குழுக்கள் கிடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடம்பிடிக்கும் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டிலோ மூன்றிலோ நின்றுவிடுகிறார்கள்: வெள்ளைச் சோறு, பால், பிஸ்கட். எதை முதலில் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்க மூன்று நாள் கணக்கில் எந்தக் குழு காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.

அரிசியிலிருந்து தொடங்குவோம். பர்மாவில் சோறு என்றால் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசிதான். பௌசான் அரிசியின் மணத்துக்கு ஈடு இல்லை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் பி1 வைட்டமினும் போய்விடுகிறது. அது குறைந்தால் வருவது பெரிபெரி. நூறு வருடங்களுக்கு முன் மலாயாவில் சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது, அங்கேயே உழைத்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் பிராடன், தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதைக் கவனித்து எழுதினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. 1905-இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் பாதிப் பேருக்குத் தீட்டிய பச்சரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்; நோய் பச்சரிசிப் பக்கமே பெருகியது.

பர்மாவில் இது வெறும் வரலாறு அல்ல. பேறுகாலப் பத்தியம் என்று தாய்மார்கள் வெறும் வெள்ளைச் சோற்றோடு நின்றுவிட, அவர்களிடம் பால் குடிக்கும் சில மாதக் குழந்தைகளுக்குப் பெரிபெரி வருவதை இந்நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வருகிறார்கள். நடக்கும் வயதுக் குழந்தை பலவகை உணவு தின்றால் கவலை குறைவு. வெள்ளைச் சோற்றைத் தவிர எதையும் தொடாத குழந்தைக்கு, அந்தச் சோற்றையே மாற்றுவதுதான் சுருக்கு வழி. தமிழர் மளிகைக் கடைகளில் கேட்டால் புழுங்கல் அரிசி கிடைக்கும். ஒரே நாளில் மாற்றாதீர்கள். நான்கில் ஒரு பங்கு கலந்து தொடங்கி வாரம்தோறும் கூட்டுங்கள். கஞ்சியை வடித்துக் கொட்டினால் மிச்சமிருக்கும் சத்தும் சாக்கடைக்குப் போகும். தண்ணீர் வற்றும்படி பொங்குங்கள். சோறே வேண்டாம் என்னும் பிள்ளைக்கு இட்லி இருக்கவே இருக்கிறது. இந்தியாவுக்கு உளுந்து அனுப்பும் நாட்டில் இருந்துகொண்டு இட்லிக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது.

அடுத்து பருப்பும் பயறும். காலையில் தலையில் கூடையோடு "பெப்யோ" என்று கூவி வரும் பெண்ணிடம் வாங்கும் முளைவிட்ட அவித்த பட்டாணி, இந்த வயதுக்கு ஏற்ற பண்டங்களில் முதல் வரிசை. மலிவு, மென்மை, லேசான இனிப்பு. வாங்கியதை வீட்டில் ஒரு கொதி மறுபடி வேகவைத்து, இரண்டு வயதுக்குள் என்றால் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, விரலால் நசுக்கிக் கொடுங்கள். முழுதாக உருளும் பட்டாணி தொண்டையில் அடைக்கக்கூடும். நசுக்கியதை நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுச் சோற்றில் பிசையலாம், தோசைமாவில் கலந்து குழிப்பணியாரமாகச் சுடலாம்.

இன்னொன்று ஷான் மக்களின் தொஹூ நுவே. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், கடலைமாவுக் களிதான். வீட்டில் செய்யும் விதம் இது. ஒரு பங்கு கடலைமாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். மாவில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டி இல்லாமல் கரைத்து, மீதியைச் சேர்த்து, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அடி கனத்த பாத்திரத்தில் இளந்தீயில் கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று அடியிலிருந்து இறுகத் தொடங்கும். அப்போது கையை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். பச்சை வாசனை போய், மேலே பளபளப்பு ஏறி, குமிழிகள் சோம்பலாக உடையும்போது இறக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சூடு ஆறியதும் கரண்டியால் ஊட்டலாம். மீதியை எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டித் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு எடுங்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்போல் மென்மை. கையில் பிடித்துத் தின்ன விரும்பும் குழந்தைக்கு, அதிலும் களி வழவழப்பைக் கண்டு முகம் சுளிக்கும் குழந்தைக்கு, இந்த இரண்டாம் வடிவம் பெரும்பாலும் எடுபடும்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. பருப்பில் உள்ள இரும்பை உடல் சுலபமாக ஏற்பதில்லை. பக்கத்தில் வைட்டமின் சி உள்ள காயோ பழமோ இருந்தால் ஏற்கும். தொஹூவோடு தக்காளித் தொக்கு, பெப்யோவின் மேல் எலுமிச்சைச் சாறு, சாப்பாட்டுக்குப் பின் பப்பாளி. சைவ வீடுகள் இதை மறக்கவே கூடாது. அசைவம் உண்பவர்களுக்கு வேலை எளிது: வாரத்துக்கு ஒருமுறை கோழி ஈரல் ஒரு துண்டு, நன்றாக வேகவைத்து மசித்து. அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அளவு கூடிவிடும். முட்டை தினமும் ஒன்று தரலாம். கோழி முட்டையோ வாத்து முட்டையோ, மஞ்சள் கரு கட்டியாகும் வரை வெந்திருக்க வேண்டும்.

மீன் வாங்கும்போது முள்ளைப் பார்த்து வாங்குங்கள். ரோகு மலிவு என்று எடுத்தால் சதைக்குள் இரு கிளையாகப் பிரியும் பொடி முட்கள் உயிரை வாங்கும். இலீஷ் மீன் ருசிக்கு அரசன், குழந்தைக்கு எமன். விரால், கெளுத்தி இரண்டிலும் நடுமுள்ளை எடுத்தால் சதை தனியாக வந்துவிடும். மீன் குழம்பில் அரிசிச் சேமியா போட்ட மொஹிங்காவுக்கு கெளுத்தியைத்தான் போடுகிறார்கள் என்பது நமக்கு வசதி. வீட்டில் மொஹிங்கா கொதிக்கும்போது, உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் சாறும் மிளகாயும் உப்பும் விழுவதற்கு முன் குழந்தைக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள். அரிசிச் சேமியாவைச் சிறிதாக வெட்டி, குழம்பைத் தனியாக, அவித்த முட்டையைத் தனியாக வைத்தால் அது ஒரு முழுச் சாப்பாடு. ஓனோ கௌசுவே என்னும் தேங்காய்ப்பால் நூடுல்ஸும் அப்படியே. தேங்காய்ப்பாலும் கோழியும் சேர்ந்த அந்தக் குழம்பை மறுக்கும் குழந்தைகள் குறைவு. தெருக்கடையில் வாங்கினால் இரண்டிலும் உப்பு தூக்கலாக இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாள் முழுவதற்கும் 2 கிராம் உப்பே வரம்பு. அது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு.

கீரையில் அவசரப்படாதீர்கள். முதலில் மஞ்சள் காய்கள்: பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட். சந்தையில் கால் வீசை பூசணி வாங்கினால் மூன்று நாளைக்கு வரும். இனிப்பு இருப்பதால் வாய் திறக்கும். கீரையில் புளிச்சக்கீரையை முயன்று பாருங்கள். பெரியவர்கள் நினைப்பதற்கு மாறாகச் சின்னக் குழந்தைகள் பலருக்குப் புளிப்பு பிடிக்கும், கசப்புதான் பிடிக்காது. முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கி முட்டையில் கலந்து அடையாக ஊற்றினால் கசப்பு அடங்கும். கசூன் கீரை (வள்ளைக்கீரை) தண்ணீரில் வளர்வது. பலமுறை அலசி நன்றாக வேகவைக்காமல் தர வேண்டாம்.

கொழுப்பைக் கண்டு அஞ்சும் தாய்மார்களுக்கு: இந்த வயதில் கொழுப்பு தேவை. குறைவாக உண்ணும் குழந்தையின் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால், அளவு கூடாமலேயே 40 கலோரி கூடிவிடும். எள்ளை வறுத்து நைசாகப் பொடித்துச் சோற்றில் தூவலாம், சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஷான் மலைகளிலிருந்து வெண்ணெய்ப்பழம் வந்து குவியும் பருவத்தில் அதை வாழைப்பழத்தோடு மசித்துக் கொடுங்கள், சர்க்கரை போடாமல்.

ஐந்தாம் படி: தட்டை அடுக்கும் முறை

ஒவ்வொரு வேளையும் தட்டில் மூன்று பொருள். ஒன்று, குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவது. இரண்டு, ஒரு நாள் சாப்பிட்டு ஒரு நாள் தள்ளுவது. மூன்று, புதியது, பட்டாணி அளவுக்கு மட்டும். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். சாம்பார் சோற்றில் பிசைந்த காயைத் துப்பும் குழந்தை, அதே காயைத் தனியாக வைத்தால் கையில் எடுத்துப் பார்க்கும்.

புதியதைத் தின்ன வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்த்தாலும் நல்லது, தொட்டு முகர்ந்தாலும் நல்லது, நாக்கில் வைத்துத் துப்பினாலும் நல்லது. ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அது கண்முன் வர வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாம் மூன்றாவது முறையோடு "இவனுக்குப் பூசணி பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குழந்தையும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பிடித்ததிலிருந்து பிடிக்காததற்குச் சிறு சிறு அடியாக நடத்திக்கொண்டு போகலாம். வெள்ளைத் தோசை மட்டும் தின்னும் குழந்தைக்கு முதல் வாரம் மஞ்சள் சேர்த்த தோசை. அது பழகியதும் மாவில் மசித்த பூசணி ஒரு கரண்டி. பிறகு மேலே முட்டை ஊற்றிய தோசை. அதற்குப் பிறகு முருங்கைக்கீரை தெரியும்படி தூவிய தோசை. பிஸ்கட் பிரியருக்கு மொறுமொறுப்புதான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் முறுக விட்ட தொஹூத் துண்டு அந்த இடத்தைப் பிடிக்கும். மென்மையான கஞ்சியை மட்டும் குடிப்பவருக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி, பிறகு அதையே கொஞ்சம் கொரகொரப்பாக. நிறம், சுவை, பதம் இந்த மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். செய்யலாம், சத்து உள்ளே போகும். ஆனால் கண்டுபிடித்துவிட்டால் இட்லியையும் நம்பாமல் போய்விடும் குழந்தைகள் உண்டு. ஒளித்தது ஒரு பக்கம் இருக்க, அதே காயின் ஒரு துண்டு தட்டில் வெளிப்படையாகவும் இருக்கட்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் இப்படிப் போகலாம்: காலை 7 மணிக்கு ஒரு இட்லி, நசுக்கிய பெப்யோ, அரை டம்ளர் பால். 10 மணிக்கு வாழைப்பழம். மதியம் புழுங்கல் அரிசிச் சோறு, பருப்பு, நெய், விரால் மீன் துண்டு, ஓரத்தில் புளிச்சக்கீரை கொஞ்சம். 4 மணிக்குத் தொஹூத் துண்டுகள், பப்பாளி. இரவு 7 மணிக்கு முட்டைத் தோசை, பூசணிக் கூட்டு, மறுபடி அரை டம்ளர் பால். இதில் பாதியைத் தின்றாலும் அந்த நாள் வீண் இல்லை. ஒரு நாளைக் கொண்டு கணக்கிடாமல் ஒரு வாரத்தைக் கொண்டு கணக்கிடுங்கள்.

ஆறாம் படி: வைக்கக்கூடாதவை

தொண்டையில் அடைக்கும் பொருள்கள் முதலில். முழு வேர்க்கடலை, வறுத்த கடலை, முழுத் திராட்சை, முழுக் காடை முட்டை, கொட்டையோடு லிச்சி, ரம்புத்தான், கடிக்க முடியாத மாங்காய்த் துண்டு. கடலை 5 வயது வரை அரைத்தோ பொடித்தோ மட்டும். உருண்டையானவற்றை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஒட்டரிசிப் பண்டங்கள் தெருவெங்கும் கிடைக்கும். அவை பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும், மிகச் சிறிய துண்டாகக் கிள்ளிப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் எதையும் தின்னக் கூடாது.

ஙப்பி என்னும் புளித்த மீன் விழுது, பலச்சாங் என்னும் உலர் இறால் பொரியல், ஊறுகாய், கருவாடு ஆகியவை உப்புக்காகவே விலக்கு. தேயிலை ஊறல் பெரியவர்கள் பண்டம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பாக்கெட் நூடுல்ஸின் மசாலாத் தூளைத் தூர எறிந்துவிட்டு நூடுல்ஸை மட்டும் முட்டையோடு கிளறிக் கொடுத்தால் எப்போதாவது மன்னிக்கலாம்.

மின்வெட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். நான்கைந்து மணி நேரம் மின்சாரம் இல்லாத நாளில் குளிர்பெட்டியை நம்பி மதியக் குழம்பை இரவுக்கு வைக்காதீர்கள். யாங்கோன் வெயிலில் சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தைக்குச் சிறிதாகச் சமைப்பது மேல். வயிற்றுப்போக்கில் விழுந்து எழுந்த குழந்தைக்குப் பசி திரும்ப வாரக் கணக்காகலாம்; அதைப் பிடிவாதம் என்று தவறாக எண்ணிவிடுகிறோம்.

ஏழாம் படி: உட்காரும் இடம்

கைபேசியைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், வயிறு நிறைந்ததை மட்டும் குழந்தை உணராது. தெருவில் துரத்திக்கொண்டு போய் ஊட்டுவதும் அப்படித்தான். குடும்பத்தோடு பாயில் உட்காரவையுங்கள். பெரியவர்கள் அதே கீரையைச் சாப்பிடுவதைப் பார்ப்பதைவிட வலுவான சிபாரிசு வேறு இல்லை. 20 முதல் 30 நிமிடம் போதும்.

"நான்கு வாய்கூடச் சாப்பிடவில்லை, அதற்குள் எழுந்திருக்க விடுகிறாயே" என்று மாமியார் சொல்வார். "4 மணிக்குத் தொஹூ இருக்கிறது அத்தை, பசித்தால் அப்போது சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுங்கள். முக்கியமானது, அந்த 4 மணி வரை பிஸ்கட் டப்பாவைத் திறக்காமல் இருப்பது. "இதைத் தின்றால் மிட்டாய்" என்ற பேரமும் வேண்டாம். கீரை தண்டனை, மிட்டாய் பரிசு என்று அதன் மனதில் பதிந்துவிடும். தின்றதற்குக் கைதட்டலும் தின்னாததற்குத் திட்டும் இரண்டும் அளவோடு இருக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

எடை குறைந்தாலோ இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நின்றாலோ போங்கள். விழுங்கும்போது ஒவ்வொரு முறையும் இருமல், மூச்சுத் திணறல், அடிக்கடி வாந்தி இருந்தால் போங்கள். கண்ணிமையும் உள்ளங்கையும் வெளிறி, மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று தின்னத் தேடினால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கும் உணவுகள் இருபதுக்கும் குறைவாகி, ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தால், அதோடு பேச்சும் தாமதமாகிப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பாமலும் இருந்தால், அது சாப்பாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, தாமதிக்காதீர்கள். பூச்சி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ சொட்டும் நலவாழ்வு நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டியவை. கடையில் தாமாக வாங்கி ஊற்றக் கூடாது. பசியைத் தூண்டும் டானிக்கும் அப்படியே.

போகும்போது எடை அட்டையோடு அந்த மூன்று நாள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "ஒன்றுமே சாப்பிட மாட்டேன் என்கிறான் டாக்டர்" என்ற வாக்கியத்தைவிட அந்த இரண்டு பக்கங்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.